இரண்டு சர்வர்கள், ஒரு சாவி: கோப்புகளைப் பத்திரமாக ஒத்திசைப்பது எப்படி?

மும்பையில் ஒரு சர்வர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு செய்தித் தளம் இருக்கிறது. வாசகர்கள் பார்க்கும் படங்கள் எல்லாம் ஒரே ஃபோல்டரில் 200 ஜிபி அளவுக்குச் சேர்ந்துவிட்டன. அந்த ஃபோல்டரின் நகல் ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்ள இன்னொரு சர்வரில் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். இரண்டிலும் லினக்ஸ். உங்கள் கையில் இருப்பது ஒரு லேப்டாப்; அதிலிருந்து இரண்டு சர்வர்களுக்குள்ளும் எஸ்எஸ்ஹெச் (தொலைவில் உள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) வழியாக நுழைய முடியும். இனி கோப்புகளை அங்கிருந்து இங்கே எப்படிக் கொண்டுபோவது? அதுவும் வழியில் யாரும் படிக்காதபடி, மாற்றாதபடி, தினமும் தானாக நடக்கும்படி?

முதலில் எல்லோருக்கும் தோன்றும் வழி, மும்பையிலிருந்து லேப்டாப்புக்கு இறக்கி, லேப்டாப்பிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு ஏற்றுவது. சின்ன ஃபோல்டர் என்றால் தப்பில்லை. ஆனால் வீட்டு இணைப்பில் அப்லோடு வேகம் 20 எம்பிபிஎஸ் என்றால், 200 ஜிபி ஏறி முடிய 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு சர்வர்களும் டேட்டா சென்டரில், வேகமான இணைப்பில் உட்கார்ந்திருக்கும்போது எல்லாமே நம் வீட்டு ரவுட்டர் வழியாகச் சுற்றிப்போவதில் அர்த்தம் இல்லை.

எஸ்சிபி என்ற பழைய கட்டளையில் மூலம், சேருமிடம் இரண்டையும் தொலை சர்வராகவே கொடுக்கலாம். பார்க்க நேர்வழி மாதிரி இருக்கும். ஆனால் 2021-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.7 பதிப்பிலிருந்து, அப்படிக் கொடுத்தால் தரவு உங்கள் கணினி வழியாகத்தான் போகும். அதுதான் இப்போது இயல்புநிலை. அதோடு எஸ்சிபி எதையும் ஒப்பிட்டுப் பார்க்காது. நேற்று அனுப்பிய படத்தை இன்றும் முழுசாக அனுப்பும்.

அப்புறம் ஆர்சிங்க் என்று ஒன்று இருப்பது தெரியவரும். உற்சாகமாக இரண்டு பக்கமும் தொலை சர்வர் முகவரியைக் கொடுத்து என்டர் தட்டினால், மூலமும் சேருமிடமும் இரண்டுமே தொலைவில் இருக்க முடியாது என்று ஒரு வரி சொல்லிவிட்டு அது நின்றுவிடும். புதிதாக வருகிறவர்கள் குழம்பும் இடம் இது. ஆர்சிங்க் வேலை செய்யும் விதம் தெரிந்துவிட்டால் அந்த மறுப்புக்குக் காரணமும் புரிந்துவிடும்.

ஆர்சிங்க் என்ன செய்கிறது?

ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மேக்கரஸ் என்ற இருவர் 1996 ஜூனில் ஆர்சிங்கை வெளியிட்டார்கள். மெதுவான இணைப்பில், ஒரு கோப்பின் பழைய பிரதி அந்தப் பக்கமும் புதிய பிரதி இந்தப் பக்கமும் இருக்கும்போது, மாறிய பகுதியை மட்டும் எப்படி அனுப்புவது என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. இரண்டு பிரதிகளும் ஒரே இடத்தில் இருந்தால் ஒப்பிடுவது எளிது. இங்கே அவை வேறுவேறு ஊரில் இருக்கின்றன. ஒப்பிடுவதற்காக ஒன்றைக் கொண்டுவருவது என்றால், கோப்பு முழுவதையும் அனுப்பியதாகிவிடும்.

இதை ஒரு மொய் நோட்டை வைத்துப் பார்த்தால் நன்றாக விளங்கும். அண்ணனிடம் ஒரு மொய் நோட்டு; ஊரில் இருக்கும் தம்பியிடம் அதன் பழைய பிரதி. அண்ணன் தன் நோட்டில் சில வரிகளைச் சேர்த்திருக்கிறார். போனில் எல்லாப் பெயரையும் வாசிக்க வேண்டியதில்லை. தம்பி தன் நோட்டில் பக்கத்துக்கு இருபது வரி என்று பிரித்து, ஒவ்வொரு பக்கத்தின் கூட்டுத்தொகையை மட்டும் சொல்கிறார். அண்ணன் தன் பக்கங்களின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுகிறார். ஒத்துப்போன பக்கத்தை விட்டுவிடலாம். ஆனால் ஒரு சிக்கல்: அண்ணன் முதல் பக்கத்தின் தலையில் ஒரே ஒரு பெயரைச் சேர்த்திருந்தால், எல்லா வரியும் ஒன்று கீழே இறங்கி, எந்தப் பக்கத்தின் கூட்டலும் ஒத்துப்போகாது. அதனால் அண்ணன் பக்கம் பக்கமாகப் பார்க்காமல், இருபது வரிச் சட்டம் ஒன்றை ஒவ்வொரு வரியாகக் கீழே நகர்த்திக்கொண்டே போகிறார். ஒவ்வொரு முறையும் இருபதையும் திரும்பக் கூட்ட வேண்டாம். மேலே விடுபட்ட வரியின் தொகையைக் கழித்து, கீழே புதிதாக வந்த வரியின் தொகையைச் சேர்த்தால் போதும். எங்காவது தம்பி சொன்ன ஒரு தொகையோடு பொருந்தினால், அந்த இருபது வரியும் தம்பியிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று அர்த்தம். பொருந்தாமல் நடுவில் மிச்சப்படும் வரிகளை மட்டும் போனில் வாசித்தால் போதும்.

ஆர்சிங்க் செய்வது கிட்டத்தட்ட இதேதான். பெறும் பக்கம் தன்னிடம் உள்ள பழைய கோப்பைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு சரிபார்ப்பு எண்களை அனுப்பும். ஒன்று, மேலே சொன்ன மாதிரி ஒரு பைட் நகர்ந்தால் சட்டென்று புதுப்பிக்கக்கூடிய 32 பிட் எண். வெறும் கூட்டுத்தொகை தற்செயலாக ஒத்துப்போய்விடலாம் அல்லவா, அதற்காக வலுவான இன்னொரு எண். ஒரு ஜிபி கோப்புக்குத் துண்டின் அளவு ஏறக்குறைய 32 கேபி. கோப்பின் அளவுக்கு வர்க்கமூலம் எடுத்துத்தான் அதைத் தீர்மானிக்கிறது. அப்படியானால் 32,768 துண்டுகள். துண்டுக்கு 20 பைட் என்று மிகையாகவே கணக்குப் போட்டாலும் மொத்தம் 640 கேபிதான். ஒரு ஜிபியை ஒப்பிட அவ்வளவு செலவுதான். எனக்கு இந்தக் கணக்கு இன்றைக்கும் அழகாகத் தெரிகிறது.

இந்த வேலையும் எல்லாக் கோப்புக்கும் நடப்பதில்லை. முதலில் கோப்பின் அளவும் கடைசியாக மாறிய நேரமும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கும்; ஒன்றாக இருந்தால் திறந்துகூடப் பார்க்காமல் தாண்டிவிடும். லட்சம் படங்கள் இருக்கும் ஃபோல்டரில் இன்று பத்து புதிதாக வந்தால், அனுப்பப்படுவது அந்தப் பத்துதான். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: நகல் எடுக்கும்போது நேரத்தையும் அப்படியே காப்பாற்ற வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் நகலின் நேரம் நகலெடுத்த நேரமாகிவிடும், அடுத்த முறை எல்லாமே மாறியதாகத் தெரியும். ‘மைனஸ் ஏ’ என்ற தெரிவு நேரம், அனுமதிகள், உரிமையாளர், குழு, குறுக்குவழி இணைப்புகள், உள் ஃபோல்டர்கள் எல்லாவற்றையும் சேர்த்தே காப்பாற்றும். அதை எப்போதும் போடுங்கள்.

இப்போது அந்த மறுப்புக்கு வருவோம். அண்ணன், தம்பி இருவரும் பேசினால்தான் காரியம் நடக்கும் என்பது மாதிரி, ஆர்சிங்க் இரண்டு முனையிலும் ஓட வேண்டும். நீங்கள் தட்டும் கட்டளை அவற்றில் ஒரு முனையாகவே மாறும். மறுமுனையை எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலை சர்வரில் எழுப்பும். இரண்டுமே தொலைவில் என்றால் உங்கள் லேப்டாப்புக்கு அங்கே வேலையே இல்லை. ஆகவே தீர்வு எளிது: இரண்டு சர்வர்களில் ஒன்றுக்குள் நுழைந்து, அங்கிருந்து ஆர்சிங்கை ஓட்டுங்கள். தரவு மும்பைக்கும் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் நடுவே நேராக ஓடும்.

எந்த சர்வருக்குள் நுழைந்து ஓட்டுவது? பாதுகாப்பின் முக்கால்வாசி இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அதற்கு முன் தரவு ஓடும் குழாயான எஸ்எஸ்ஹெச்சைப் பற்றிச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

வழியில் யாரும் படிக்காமல்

1983-இல் வந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் ஆர்எஸ்ஹெச் என்ற கட்டளை இருந்தது. இன்ன முகவரியிலிருந்து வந்தால் நம்பு என்று ஒரு கோப்பில் எழுதிவைத்தால் போதும், பாஸ்வேர்ட் இல்லாமலே நுழையலாம்; போகும் தரவில் மறைகுறியாக்கம் எதுவும் கிடையாது. நெட்வொர்க்கில் உள்ள எல்லோரும் ஒருவரையொருவர் நம்பிய காலத்து ஏற்பாடு. 1995-இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ ஒட்டுக்கேட்டு பாஸ்வேர்டுகளைத் திருடிய பிறகு, அங்கே இருந்த டாட்டு யுலோனென் எஸ்எஸ்ஹெச்சை எழுதினார். எஃப்டிபியின் 21-க்கும் டெல்நெட்டின் 23-க்கும் நடுவில் காலியாக இருந்த 22-ஆம் போர்ட்டை (சர்வரில் ஒரு சேவைக்கான வாசல் எண்) கேட்டு வாங்கினார். இன்று ஏறக்குறைய எல்லா யூனிக்ஸ் வகை சர்வர்களிலும் இருப்பது 1999-இல் ஓப்பன்பிஎஸ்டி குழு தொடங்கிய ஓப்பன்எஸ்எஸ்ஹெச்.

ஆர்சிங்குக்குத் தனியாக மறைகுறியாக்கம் கிடையாது. அது எஸ்எஸ்ஹெச்சின் முதுகில் ஏறிப் போகும்போதுதான் அதற்குப் பாதுகாப்பு. 2004-இல் வந்த 2.6.0 பதிப்பிலிருந்து அதுவே இயல்புநிலை. ஆனால் ஆர்சிங்குக்கு 873-ஆம் போர்ட்டில் தானே காத்திருக்கும் ‘டீமன்’ வடிவமும் உண்டு. முகவரியில் சர்வர் பெயருக்குப் பிறகு ஒரு முக்காற்புள்ளி இருந்தால் எஸ்எஸ்ஹெச், இரண்டு முக்காற்புள்ளி இருந்தால் டீமன். ஒரு முக்காற்புள்ளி கூடினால் தரவு மறைவில்லாமல் போகிறது என்று அர்த்தம். எங்கேயோ பார்த்த கட்டளையை அப்படியே ஒட்டும்போது இதைக் கவனியுங்கள்.

இன்னொன்று, முதன்முறை இணையும்போது மறுமுனை சர்வரின் கைரேகையை (அதன் சாவியின் சுருக்க அடையாளம்) காட்டி, தொடரலாமா என்று கேட்கும். கிட்டத்தட்ட எல்லோரும் படிக்காமல் ‘யெஸ்’ என்று தட்டிவிடுவார்கள். அந்த ஒரு கேள்விதான் உண்மையான ஃபிராங்க்ஃபர்ட் சர்வரோடு பேசுகிறோமா, நடுவில் உட்கார்ந்த வேறொருவரோடு பேசுகிறோமா என்பதை உறுதிசெய்யும் தருணம். சர்வர் வாடகைக்குத் தரும் நிறுவனத்தின் இணையக் கன்சோல் வழியாக உள்ளே போய், சர்வரின் பொதுச் சாவிக் கோப்பின் கைரேகையை ‘எஸ்எஸ்ஹெச்-கீஜென் மைனஸ் எல்’ கட்டளையால் எடுத்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டு நிமிட வேலை. தானியங்கி ஸ்கிரிப்ட் நின்றுவிடக் கூடாது என்பதற்காக இந்தச் சரிபார்ப்பையே அணைத்துவிடச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. அதைச் செய்யாதீர்கள். ஒருமுறை சரிபார்த்து ஏற்றுக்கொண்டால் அது ‘நோன் ஹோஸ்ட்ஸ்’ கோப்பில் பதிந்துவிடும், ஸ்கிரிப்ட் அப்புறம் எதையும் கேட்காது.

தள்ளுவதா, இழுப்பதா?

மும்பையிலிருந்து ஓட்டினால் மும்பை தன் கோப்புகளை ஃபிராங்க்ஃபர்ட்டுக்குத் தள்ளுகிறது. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஓட்டினால் அது மும்பையிலிருந்து இழுக்கிறது. கடைசியில் கிடைக்கும் நகல் ஒன்றுதான். ஆனால் பாஸ்வேர்டுக்குப் பதிலாக எஸ்எஸ்ஹெச் பயன்படுத்தும் ரகசியக் கோப்பான சாவி இருக்கும் இடம் மாறுகிறது.

தள்ளும் முறையில், ஃபிராங்க்ஃபர்ட்டில் எழுதவும் அழிக்கவும் உரிமை தரும் சாவி மும்பையில் இருக்கும். மும்பைதான் உலகத்துக்குத் திறந்து கிடக்கும் சர்வர்: அதில் வெப் சர்வர், பிளகின்கள், படம் ஏற்றும் படிவம் என்று உள்ளே புகப் பல வாசல்கள். யாராவது புகுந்துவிட்டால் அவர்கள் கையில் மும்பை மட்டும் சிக்காது. அங்கே கிடக்கும் சாவியை எடுத்து ஃபிராங்க்ஃபர்ட் நகலையும் துடைத்துவிடலாம். கோப்புகளை முடக்கிப் பணம் கேட்கிறவர்கள் முதலில் தேடுவதே பேக்கப்பைத்தான்.

இழுக்கும் முறையில் சாவி ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கும். அந்த சர்வர் வெளியே எதையும் பரிமாறத் தேவையில்லை. ஃபயர்வாலில் எஸ்எஸ்ஹெச் தவிர எல்லாவற்றையும், அதையும் உங்கள் முகவரிக்கு மட்டும் என்று அடைத்துவிடலாம். அதனிடம் உள்ள சாவிக்கு மும்பையில் படிக்கும் உரிமை மட்டும் போதும். மும்பை விழுந்தாலும் அங்கே ஃபிராங்க்ஃபர்ட்டுக்கான சாவி எதுவும் இல்லை. நகலுக்காக ஒரு சர்வரை வைத்திருக்கிறீர்கள் என்றால் இழுப்பதே சரி. தள்ளுவதற்கும் நியாயமான இடங்கள் உண்டு; உதாரணமாக, உள்ளே வர வழியே இல்லாத ஆபீஸ் கணினியிலிருந்து வெளியே இருக்கும் வெப் சர்வருக்குப் பக்கங்களை அனுப்புவது. அங்கேயும் அடுத்து வரும் கட்டுப்பாடுகளைப் போட்டுக்கொள்ளலாம்.

சரி, சாவியை உருவாக்குவோம். ஃபிராங்க்ஃபர்ட்டில் இந்த வேலைக்கென்றே ஒரு பயனர் கணக்கைத் திறந்து, அதற்குள் ‘எஸ்எஸ்ஹெச்-கீஜென்’ கட்டளையை ஓட்டுங்கள். வகை ‘இடி25519’ என்று கொடுங்கள். 2014-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 6.5 முதல் இது இருக்கிறது, சாவியும் ஒரே வரியில் அடங்கும். இரண்டு கோப்புகள் கிடைக்கும். ‘பப்’ என்று முடிவது பொதுச் சாவி, யாரிடமும் கொடுக்கலாம். மற்றது தனிச் சாவி. அது அந்த சர்வரைவிட்டு நகரக் கூடாது. மெயிலில் போகக் கூடாது, கிட் களஞ்சியத்துக்குள் போகக் கூடாது. அனுமதி எண் 600 ஆக இருக்க வேண்டும். மற்றவர்கள் படிக்கும்படி இருந்தால் எஸ்எஸ்ஹெச்சே அதைப் பயன்படுத்த மறுத்துவிடும்.

கடவுச்சொற்றொடர் கேட்கும். நீங்கள் கையால் பயன்படுத்தும் சாவி என்றால் கட்டாயம் வைக்க வேண்டும். இது இரவு இரண்டு மணிக்கு ஆளில்லாமல் ஓட வேண்டிய சாவி, வைத்தால் தட்டுவதற்கு யாரும் இருக்க மாட்டார்கள். காலியாக விட்டுவிட வேண்டியதுதான். அதனாலேயே இந்தச் சாவியால் என்னென்ன செய்ய முடியும் என்பதை மறுமுனையில் இறுக்க வேண்டியது அவசியமாகிறது.

இறுக்கும் இடம் மும்பையில். அங்கேயும் இதற்கென்று ஒரு சாதாரணக் கணக்கு, எல்லா உரிமையும் உள்ள ரூட் கணக்கு வேண்டாம். படங்கள் ஃபோல்டரைப் படிக்க மட்டும் அதற்கு அனுமதி. அந்தக் கணக்கின் வீட்டு ஃபோல்டரில் எஸ்எஸ்ஹெச் உள்ஃபோல்டருக்குள் இருக்கும் ‘ஆதரைஸ்டு கீஸ்’ கோப்பில் பொதுச் சாவியை ஒட்டுவீர்கள் அல்லவா, அந்த வரியின் தலையிலேயே நிபந்தனைகளை எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாது. மூன்றை எழுதுங்கள்.

முதலாவது ‘ஃப்ரம்’. அதற்குப் பக்கத்தில் ஃபிராங்க்ஃபர்ட் சர்வரின் ஐபி முகவரியைக் கொடுத்தால், சாவி திருடுபோனாலும் வேறு இடத்திலிருந்து பயன்படாது. இரண்டாவது ‘ரெஸ்ட்ரிக்ட்’ என்ற ஒற்றைச் சொல். 2016-இல் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 7.2-இல் வந்தது, டெர்மினல் தருவது, போர்ட்களைக் கடத்திவிடுவது, ஏஜென்ட்டை (உங்கள் சாவிகளை நினைவில் வைத்திருக்கும் நிரல்) கடத்துவது எல்லாவற்றையும் ஒரே அடியில் நிறுத்தும். மூன்றாவது ‘கமாண்ட்’. இந்தச் சாவியோடு யார் வந்து எந்தக் கட்டளையைக் கேட்டாலும், இங்கே எழுதியிருப்பது மட்டும்தான் ஓடும். அங்கே எழுத வேண்டியது ‘ஆர்ஆர்சிங்க்’. ஆர்சிங்கோடு சேர்ந்தே வரும் சின்ன ஸ்கிரிப்ட் அது. ‘மைனஸ் ஆர்ஓ’ என்று படிக்க மட்டும் அனுமதித்து, பக்கத்தில் படங்கள் ஃபோல்டரின் பாதையைக் கொடுத்தால், அந்த ஃபோல்டருக்கு வெளியே ஒரு கோப்பையும் அது காட்டாது. இதற்குப் பிறகு ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து மும்பையின் உச்சி ஃபோல்டரையே (சர்வரின் எல்லாக் கோப்புகளும் அடங்கியது) கேட்டாலும் கிடைப்பது படங்கள் ஃபோல்டர்தான்; ஆர்ஆர்சிங்குக்கு அதுவே உலகம்.

நிபந்தனை போட்டதும் சோதித்துப் பாருங்கள். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து அந்தச் சாவியோடு சாதாரணமாக எஸ்எஸ்ஹெச் செய்தால் உள்ளே விடாமல் விரட்ட வேண்டும். ஏதாவது ஒரு கோப்பை மும்பைக்கு எழுத முயன்றால் மறுக்க வேண்டும். இரண்டும் நடந்தால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.

லேப்டாப்பில் உள்ள உங்கள் சொந்தச் சாவியையே இரண்டு சர்வர்களிலும் வைத்துவிட்டால் என்ன, ஏஜென்ட்டைக் கடத்தும் வசதியை இயக்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. முதலாவது கூடவே கூடாது. இரண்டாவதில், நீங்கள் இணைந்திருக்கும் நேரம் வரை அந்த சர்வரில் ரூட் உரிமை உள்ள எவரும் உங்கள் பெயரில் வேறு சர்வர்களுக்குள் நுழைய முடியும். ஒரு சர்வரைத் தாண்டி இன்னொன்றுக்குப் போக வேண்டும் என்றால், 2016-இல் வந்த ‘ப்ராக்ஸிஜம்ப்’ வசதி இருக்கிறது. அதில் நடுவில் உள்ள சர்வர் பொட்டலத்தைக் கடத்துவதோடு சரி, சாவியைத் தொடாது.

இதே சிந்தனையை டெபியன் லினக்ஸின் நகல் தளங்களில் பார்க்கலாம். உலகம் முழுவதும் உள்ள நகல் சர்வர்கள் ஆர்சிங்கால்தான் புதுப்பிக்கப்படுகின்றன. மேல்நிலை சர்வரில் புதிய தொகுப்புகள் வந்ததும், அது கீழ்நிலை நகல் சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் சாவியோடு போய்த் தட்டுகிறது. ஆனால் அந்தச் சாவிக்கு அங்கே ஒரே ஒரு கட்டளைதான் கட்டியிருக்கும்: ஒத்திசைவைத் தொடங்கு. தட்டியவுடன் நகல் சர்வர் தானே தன் ஆர்சிங்கை ஓட்டி இழுத்துக்கொள்கிறது. சேதி சொல்ல வந்தவர் ஒரு கோப்பையும் எழுத முடியாது. இழுப்பதும் இரண்டு கட்டமாக நடக்கும்: முதலில் புதிய தொகுப்புகளை மட்டும் கொண்டுவருவார்கள், எதையும் அழிக்காமல், அப்புறம்தான் அட்டவணைக் கோப்புகளும் பழையதை அழிப்பதும். இல்லாத தொகுப்பை அட்டவணை காட்டும் நிலை வரக் கூடாது என்பதற்காக. உங்கள் தளத்திலும் பக்கங்கள், படங்கள் என்று இருந்தால் படங்களை முதலில் கொண்டுபோவது நல்லது.

முதல் ஓட்டம்

கட்டளை இந்த வரிசையில் அமையும்: ஆர்சிங்க், தெரிவுகள், மூலம், சேருமிடம். முதல் ஓட்டத்துக்கு ‘மைனஸ் ஏ’வோடு ‘என்’, ‘ஐ’ என்ற இரண்டு எழுத்துகளையும் சேருங்கள். ‘என்’ என்றால் ஒத்திகை: எதையும் தொடாமல், என்ன செய்யப்போகிறது என்று மட்டும் சொல்லும். ‘ஐ’ என்றால் ஒவ்வொரு கோப்புக்கும் காரணத்தை ஒரு வரியில் எழுதும். வரியின் தலையில் வலப்பக்கம் பார்க்கும் அம்பு, அப்புறம் கோப்பு என்பதற்கு ‘எஃப்’. அதை அடுத்து முழுக்கக் கூட்டல் குறிகள் இருந்தால் அது புதிய கோப்பு. ‘எஸ்’ இருந்தால் அளவு மாறியிருக்கிறது, ‘டி’ இருந்தால் நேரம் மாறியிருக்கிறது. நட்சத்திரக் குறியோடு ‘டெலீட்டிங்’ என்று வரி வந்தால் சேருமிடத்தில் அந்தக் கோப்பு அழியப்போகிறது. இந்தப் பட்டியலை நிதானமாகப் படியுங்கள். எதிர்பாராத ‘டெலீட்டிங்’ வரி ஒன்று இருந்தாலும் நிறுத்திவிட்டு யோசியுங்கள்.

பெரும்பாலும் அதற்குக் காரணம் ஒரு சாய்கோடாக இருக்கும். மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு இருந்தால், ஃபோல்டருக்குள் இருப்பவை போகும். இல்லாவிட்டால் ஃபோல்டரே போய், சேருமிடத்துக்குள் அதே பெயரில் உட்காரும். சாதாரண நேரத்தில் இதனால் படங்களுக்குள் படங்கள் என்று ஒரு ஃபோல்டர் முளைக்கும், அவ்வளவுதான். ஆனால் ‘டெலீட்’ தெரிவோடு, சாய்கோடு போட்டு, சேருமிடத்தை ஒரு படி மேலே தவறாகக் கொடுத்துவிட்டால், அங்கே இருந்த மற்ற ஃபோல்டர்கள் எல்லாம் மூலத்தில் இல்லாதவை என்று கருதப்பட்டு அழிந்துவிடும்.

‘டெலீட்’ இல்லாமல் ஓட்டினால் மும்பையில் நீக்கிய படங்கள் ஃபிராங்க்ஃபர்ட்டில் என்றென்றைக்கும் தங்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றால் ‘டெலீட்’ தேவைதான். அதன் ஆபத்து எங்கே என்றால்: மும்பையில் படங்கள் தனி டிஸ்கில் இருக்கிறது, ரீபூட்டுக்குப் பிறகு அந்த டிஸ்க் மவுன்ட் ஆகவில்லை, அதாவது ஃபோல்டரோடு இணையவில்லை என்று வையுங்கள். ஃபோல்டர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. படிக்கும்போது பிழை வந்தால் ஆர்சிங்க் அழிப்பதைத் தானாகவே நிறுத்திவிடும். ஆனால் காலி ஃபோல்டர் பிழை இல்லையே. மூலம் காலி, ஆகவே நகலும் காலி என்று அது விசுவாசமாகத் துடைத்துவிடும். ‘மேக்ஸ்-டெலீட்’ என்ற தெரிவால் ஒரு ஓட்டத்தில் அதிகபட்சம் இத்தனைதான் அழிக்கலாம் என்று வரம்பு போடுங்கள்.

இங்கேதான் ஒத்திசைவு வேறு, பேக்கப் வேறு என்பதை மனதில் வைக்க வேண்டும். மும்பையில் யாராவது தவறுதலாக ஒரு படத்தின் மேல் இன்னொன்றைப் பதிந்துவிட்டால், அந்தத் தவறும் இரவு இரண்டு மணிக்கு ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் பத்திரமாக வந்து சேரும். பழைய நாளுக்குத் திரும்ப வேண்டுமானால் ‘லிங்க்-டெஸ்ட்’ தெரிவைப் பாருங்கள். தினமும் ஒரு தேதி ஃபோல்டர் உருவாகும். நேற்றிலிருந்து மாறாத கோப்புகள் நகலாகாமல் ஹார்ட் லிங்காக (டிஸ்கில் உள்ள அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) மட்டும் இருக்கும். ஒவ்வொரு ஃபோல்டரும் முழு 200 ஜிபி போலத் தெரிந்தாலும், டிஸ்கில் கூடுதலாக இடம் பிடிப்பது அன்று மாறியவை மட்டுமே.

கோப்புகளைத் தவிர டேட்டாபேஸும் இருக்கும். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் எதுவானாலும் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் தரவு ஃபோல்டரை ஆர்சிங்கால் எடுக்காதீர்கள். ஒரு கோப்பைப் படித்து அடுத்த கோப்புக்குப் போவதற்குள் முதலாவது மாறியிருக்கும்; கிடைக்கும் நகல் எந்த ஒரு நொடியின் நிலையும் அல்ல. டேட்டாபேஸின் சொந்த டம்ப் கட்டளையால் ஒரு கோப்பாக எடுத்து, அந்தக் கோப்பை ஒத்திசையுங்கள்.

தரவைச் சுருக்கி அனுப்பும் ‘மைனஸ் இசட்’, உரைக் கோப்புகளுக்கு நல்லது. ஜேபெக் படங்களும் வீடியோக்களும் ஏற்கெனவே சுருங்கியவை, அங்கே அதனால் பயனில்லை. பகலில் ஓட்டினால் ‘பிடபிள்யூலிமிட்’ போட்டு வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள், இல்லாவிட்டால் வாசகர்களுக்குப் பக்கம் திறப்பது தாமதமாகும். இரண்டு சர்வர்களிலும் பயனர் எண்கள் வேறாக இருந்தால் ‘நியூமெரிக்-ஐடிஸ்’. நகல் பக்கம் ரூட் உரிமை இல்லாமலே உரிமையாளர் விவரத்தைக் குறித்துவைக்க ‘ஃபேக்-சூப்பர்’.

எல்லாம் சரியாக இருந்தால், குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் க்ரானில் சேர்க்கலாம். முந்தைய ஓட்டம் முடியாமலிருக்கும்போது அடுத்தது தொடங்கிவிடாமல் ‘எஃப்லாக்’ கட்டளைக்குள் வைத்து ஓட்டுங்கள். ஓட்டம் முடிந்ததும் ஆர்சிங்க் ஒரு எண்ணைத் திருப்பித் தரும். அதை ஸ்கிரிப்ட் பார்க்க வேண்டும். 0 என்றால் எல்லாம் சரி. 24 என்றால் பட்டியல் எடுத்த பிறகு சில கோப்புகள் மறைந்துவிட்டன; உயிரோடு இருக்கும் தளத்தில் இது சகஜம். 23 என்றால் சில கோப்புகள் வரவில்லை, பெரும்பாலும் அனுமதிச் சிக்கல். 0, 24 தவிர வேறு எது வந்தாலும் உங்களுக்கு மெயில் வரும்படி செய்யுங்கள். மாதக்கணக்கில் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருக்கும் ஒத்திசைவு, ஒத்திசைவே இல்லாததைவிட மோசம். இருக்கிறது என்று நம்பி மற்ற ஏற்பாடுகளை விட்டிருப்போம்.

மென்பொருளையும் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். 2025 ஜனவரியில் ஆர்சிங்க் 3.4.0 வந்தபோது ஆறு பாதுகாப்பு ஓட்டைகள் ஒன்றாக அடைக்கப்பட்டன. மிகத் தீவிரமானது டீமனைப் பற்றியது. ஆனால் சிலவற்றில் ஆபத்து மறுபக்கம் இருந்தது: கெட்டவர் கையில் சிக்கிய சர்வரிலிருந்து இழுத்தால், இழுக்கும் பக்கத்தில் நாம் சொல்லாத இடத்தில்கூடக் கோப்பு எழுதப்படலாம். அதாவது மும்பை விழுந்தால் ஃபிராங்க்ஃபர்ட்டைக் காப்பாற்றுவது இழுக்கும் திசை மட்டுமல்ல, ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்ள ஆர்சிங்கின் பதிப்பும்தான். அந்தக் கணக்கை ரூட்டாக ஓட்டாமல் இருப்பதும் இதற்காகத்தான்.

கடைசியாக, ஃபிராங்க்ஃபர்ட் சர்வரின் வாடகையை நிறுத்தி வேறு ஊருக்கு மாறும் நாள் ஒன்று வரும். புதிய சர்வரில் புதிய சாவியை உருவாக்குங்கள், பழையதைக் கொண்டுபோகாதீர்கள். அன்றைக்கே மும்பையின் ‘ஆதரைஸ்டு கீஸ்’ கோப்பைத் திறந்து பழைய வரியை அழித்துவிடுங்கள். ஒவ்வொரு சாவியின் வரி முடிவிலும் குறிப்பு எழுத இடம் இருக்கிறது. எந்த சர்வருக்கு, எதற்காக, எந்தத் தேதியில் என்று உருவாக்கும்போதே எழுதிவைத்திருந்தால், அழிக்க வேண்டிய வரி எது என்று தேட வேண்டியிருக்காது.